அடி விழும் திசை

கவிதை எழுதும் நண்பர் ஒருவர், சென்ற ஆனி மாதம் வட்டக்கோட்டை மதில்மேல் என்னுடன் உட்கார்ந்திருக்கையில், சாவகாசமாக ஒரு கேள்வி கேட்டார். சாப்ளினைப் பார்த்தாகிவிட்டது, அடுத்து எதைப் பார்ப்பது? நாலு பெயர்களைச் சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் போனதற்குக் கீழே மணலில் நடந்துகொண்டிருந்ததுதான் காரணம்.

ஆனிக் காற்றில் அந்த மதில்மேல் பேச்சு நிற்காது. இரண்டடி தள்ளியிருப்பவன் சொல்வதைக் காற்று வாயிலிருந்தே பறித்துக்கொண்டு போய்விடும். கீழே காக்கி உடுத்த காவலர் ஒருவர், அலையருகே போன பையன்களைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். கன்னம் உப்புவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பையன்களில் ஒருவன் அவர் பின்னால் நின்று அவரைப் போலவே கன்னத்தை உப்பிக் காட்டினான். அவர் திரும்பினார், தொப்பி பறந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தார், காற்று இன்னும் ஒரு கஜம் தள்ளிக்கொண்டு போயிற்று. மீண்டும் குனிந்தார். கறுப்பு மணலில் நாலைந்து முறை இது நடந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நண்பர் என் காதருகே வந்து, ஊமைப்படம் என்று கத்தினார்.

சிரித்து முடித்த பிறகு எனக்கு உறுத்த ஆரம்பித்தது. காவலரின் தொப்பி பறந்ததற்குச் சிரிக்கலாம். அது தொப்பி, அதற்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் நாம் எப்போதும் தொப்பிகளைப் பார்த்துத்தானா சிரிக்கிறோம்?

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் மாடிப்படி கழுவிய ஒரு காலையில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். முதலில் விழுந்தவர் ஆய்வுக்கு வந்திருந்த மேலதிகாரி. நாங்கள் ஏழு பேர் எழுந்து ஓடினோம். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார், ஒருவர் விசிறினார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அரைமணி கழித்து, டீ கொண்டுவரும் பையன் அதே படியில், ஆறு கிளாஸ்களுடன் விழுந்தான். கௌண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான் என்பதுதான் இதில் மோசமான அம்சம். கிளாஸ்களுக்கு அவன்தான் காசு கொடுக்க வேண்டும் என்பது மறுநாள் தெரிந்தது.

சாப்ளின் 1918இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில், ஜனங்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1917இல் வந்த தம் படமொன்றில், மாடியிலிருந்து ஐஸ்கிரீம் ஒரு சீமாட்டியின் கழுத்துக்குள் விழும் காட்சியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார். அது தரை துடைக்கும் பெண்ணின் கழுத்தில் விழுந்திருந்தால் சிரிப்பு வந்திராது, பரிதாபம்தான் வந்திருக்கும் என்பது அவருடைய முடிவு. இழக்க ஒரு கௌரவம் இருப்பவன் அதை இழக்கும்போதுதான் சிரிப்பு. போலீஸ்காரனும் பணக்காரனும் அவருடைய படங்களில் ஓயாமல் விழுந்துகொண்டிருப்பது இதனால்தான்.

இந்தச் சூத்திரத்தை எங்கள் கிளையின் மாடிப்படியில் வைத்துப் பார்த்தால் அது அப்படியே தலைகீழாக இருக்கிறது. இங்கே கௌரவம் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிறோம். கௌரவம் இல்லாதவன் விழுந்தால் சிரிக்கிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஊமைப்பட நகைச்சுவையின் சரித்திரத்தைத் தமிழில் எழுதுவதில் பிரயோஜனமில்லை என்று எனக்குப் படுகிறது.

2

ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல் ஒரு கருவியின் பெயர். இத்தாலியக் கோமாளி நாடகங்களில் இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோல் இருந்தது. லேசாகத் தட்டினாலே பெரிய அடி விழுந்த ஓசை கிளம்பும். வலி குறைவு, சத்தம் அதிகம். அடி என்பதை வலியிலிருந்து பிரித்துச் சிரிப்பாக்குவது இந்தக் கலையின் அடிப்படை உத்தி.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர்கள் இங்கே தலைமுறைகளாக நடத்திவந்த தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர் உண்டு. இராமாயணக் கதை நடந்துகொண்டிருக்கையில் இவர்கள் சம்பந்தமில்லாமல் உள்ளே வருவார்கள். ஒருவனை ஒருவன் அடிப்பார்கள், ஏமாற்றுவார்கள், ஊர்ப்பெரியவர்களைக் கிண்டல் செய்வார்கள். வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, அசையும் உருவங்கள், இருட்டில் உட்கார்ந்து சிரிக்கும் ஜனம். லாரல், ஹார்டி ஜோடி அமெரிக்காவில் சேருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் ஒரு ஜோடி திரையில் அடித்துக்கொண்டிருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ராமனும் ராவணனும் வரும் அதே திரையில் இவர்களுக்கும் இடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1905இல் திருச்சி ரயில்வே வரைவாளர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாங் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டப் புறப்பட்டார். அதன் பிறகு வந்த கால்நூற்றாண்டில் தென்னாட்டுக் கொட்டகைகளில் ஓடியவற்றில் பெரும்பகுதி அந்நியப் படங்கள். 1926-27இல் இந்தியாவில் வெளியான கதைப்படங்களில் இந்தியப் படங்கள் சுமார் 15 சதவீதம்தான், மீதியில் மிகப்பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. படத்தின் நடுவே வரும் எழுத்துகளை வாசித்துக் கதை சொல்ல ஓர் ஆள் திரைப்பக்கம் நிற்பார். இரண்டு ரீல் ஹாஸ்யப் படத்துக்கு அவருக்கு வேலை குறைவு. ஒருவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினால் பின்னால் நிற்பவன் என்ன ஆவான் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. எழுத்தறியாத ஜனத்துக்கு யார் தயவும் இல்லாமல் கிடைத்த முதல் உலகக் கலை இதுதான்.

எழுத்தறிந்த நாமோ அதை மதிக்கவில்லை. நம் சிறு வட்டத்தில் பெர்க்மனைப் பற்றிப் பேசலாம், ரேயைப் பற்றிச் சண்டை போடலாம். கீட்டன் பற்றிப் பேச ஆரம்பித்தால், அதெல்லாம் குழந்தைகளுக்கு என்ற பாவனை வந்துவிடுகிறது. சாப்ளினுக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அவர் அழவைக்கிறார். சிரிப்பின்மேல் நமக்குள்ள சந்தேகத்துக்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம்.

3

வட்டக்கோட்டையிலிருந்து சைக்கிள் மிதித்தே போய்விடலாம் அகஸ்தீஸ்வரத்துக்கு. அந்த ஊர்க்காரர் ஜே. சி. டேனியல். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் இன்று கொண்டாடும் மனிதர். களரியில் தேர்ந்தவர், அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதியவர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ அமைத்து, தானே எழுதி, இயக்கி, நடித்து, ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். அது அங்கே கேப்பிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்குகள் உண்டு.

விகதகுமாரன் என்றால் காணாமற்போன பிள்ளை. திருவிதாங்கூர்ச் செல்வந்தர் ஒருவரின் மகனை இலங்கைக்குக் கடத்திப்போகிறார்கள், அவன் அங்கே கூலியாக வளர்கிறான். சாப்ளினின் ‘தி கிட்’ 1921இல் வந்தது. அதிலும் தாய் விட்டுப்போன ஒரு பிள்ளை தெருவுக்கு வந்து சேருகிறது. தாக்கம், தழுவல் என்று நான் கயிறு திரிக்கப் போவதில்லை. உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர், பேச்சில்லாத படத்துக்குத் தகுந்த கதை காணாமற்போன குழந்தையே என்று கண்டுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வித்தியாசம் பிறகு வருகிறது. சாப்ளினின் பிள்ளை நூறாண்டு தாண்டியும் நம் கைபேசியில் கல்லெறிந்து கண்ணாடி உடைத்துக்கொண்டிருக்கிறான். டேனியலின் பிள்ளை நிஜமாகவே காணாமற்போய்விட்டான்.

அதற்கு முன்னால் இன்னொருவர் காணாமற்போனார். படத்தில் நாயர்ப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோஸி, தலித் கிறிஸ்தவக் கூலிக் குடும்பத்துப் பெண். முதல் காட்சிக்கு அவரை உள்ளே வரவிடவில்லை. அவர் தலையில் சூடிய பூவைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சியில் சபையோர் திரையை நோக்கிக் கல் எறிந்தார்கள். அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ரோஸி ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்துசேர்ந்தார். லாரி ஓட்டியவரையே மணந்து, வேறு பெயரில், தான் நடித்ததைப் பற்றிப் பேசாமலே வாழ்ந்து மறைந்தார்.

ஊமைப்படத்தின் மிக எளிய பலம், திரையில் தெரியும் உடம்புக்குச் சாதிப்பெயர் கிடையாது என்பது. பேச்சு வந்தால் உச்சரிப்பு வரும், உச்சரிப்பு வந்தால் ஊரும் குலமும் வந்துவிடும். மௌனத்தில் ஒரு கூலிப்பெண் சீமாட்டியாக நடந்தால் சீமாட்டிதான். இந்தச் சமத்துவத்தைத்தான் கேப்பிடல் தியேட்டர் சபையோரால் தாங்க முடியவில்லை. கௌரவம் இழக்கப்பட்டதாக அவர்கள் நினைத்தார்கள். சாப்ளினின் சூத்திரப்படி அவர்கள் சிரித்திருக்க வேண்டும். கல்லை எடுத்தார்கள்.

டேனியல் கடனாளியானார். பல் வைத்தியராகிப் பிழைத்து, அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பி, 1975இல் வறுமையில் இறந்தார். கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, அவர் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்பது கேரளம் மறுத்ததற்கு ஒரு காரணம். 1992இல் அவர் பெயரில் அதே மாநிலம் விருது ஏற்படுத்தியது. படச்சுருள்களைச் சிறுவயதில் ஒன்றொன்றாகக் கொளுத்தி விளையாடியதை அவருடைய இளைய மகன் பின்னாளில் தாமே சொல்லியிருக்கிறார். அக்காலத்து நைட்ரேட் ஃபிலிம் வெடிமருந்துக்கு உறவு, சட்டென்று பற்றி எரியும். பிள்ளைக்கு அது மத்தாப்பு.

இதனோடு இன்னொரு படத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்து பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்டவர்மா’ 1933இல் வந்தது. குளச்சலில் 1741இல் டச்சுக்காரரை வென்று, பிடிபட்ட டி லென்னாயைத் தன் தளபதியாக்கி, நான் உட்கார்ந்திருந்த இந்தக் கோட்டையையும் பலப்படுத்திய அதே ராஜாவின் இளமைக்காலக் கதை. சி. வி. ராமன்பிள்ளையின் 1891ஆம் வருஷத்து நாவல் அதற்கு மூலம். நாவலின் உரிமை தங்களுடையது என்று பதிப்பகத்தார் வழக்குப் போட, திரையிட்ட கையோடு படம் முடக்கப்பட்டது. சுருள்கள் பதிப்பகத்தின் வசம் போய்ச் சேர்ந்தன. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அங்கிருந்து அதை மீட்டது. தென்னாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. கையில் மிஞ்சியது அநேகமாக இது ஒன்றுதான்.

வங்கிக்காரனுக்கு இது புரியும். தகராறில் உள்ள நகை லாக்கரில் பத்திரமாக இருக்கும். தகராறில்லாத நகையை வீட்டுக்கு எடுத்துப்போய் அழித்துவிடுவார்கள். வழக்கு இருந்த படம் பிழைத்தது. யாரும் உரிமை கோராத படம் எரிந்தது. அதனால் நம்மிடம் மன்னனின் கதை இருக்கிறது, காணாமற்போன பிள்ளையின் கதை இல்லை.

4

1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வந்து, தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது. பேச ஆரம்பித்தது நிற்கவில்லை. அடுத்த இருபதாண்டுக்குள் அடுக்குமொழி திரையைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பும் வாய்க்குள் போய்விட்டது. சிலேடை, ஏசல், பதிலுக்குப் பதில்.

விதிவிலக்குகள் உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன். வில்லுப்பாட்டும் கூத்தும் அவர் உடம்பில் இருந்தன. 1941இல், அரிச்சந்திரன் கதையைக் கவிழ்த்துப்போட்டு, பொய்யே பேசும் ஒருவனை ‘சந்திரஹரி’யில் கதாநாயகனாக்கினார். உச்சிக்குடும்பன் பரம்பரையின் துணிச்சல் இது. மதுரத்துடன் வரும் காட்சிகளில் வாங்கிக் கட்டிக்கொள்பவர் பெரும்பாலும் கிருஷ்ணனே. ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபுவின் உடம்பைப் பாருங்கள். வசனத்தைத் துண்டித்துவிட்டாலும் சிரிப்பு நிற்கும். ‘சர்வர் சுந்தர’த்தில் (1964) நாகேஷ், கோமாளியின் உடம்பைக் கதாநாயகனின் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

ஆனால் பொதுவழி வேறு. நம் படங்களில் கோமாளி கதாநாயகனின் தோழன், அல்லது வேலைக்காரன். கதை நடக்கும் திரையின் ஓரத்தில் அவனுக்குத் தனியாக ஒரு தடம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கவுண்டமணி, செந்தில் ஜோடி நம்மைச் சிரிக்கவைத்ததை மறுப்பது பொய். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழத்துக்கு நான் இன்றும் சிரிக்கிறேன். ஆனாலும் அங்கே அடி ஒரே திசையில் விழுகிறது. கறுப்பு, தொந்தி, படிப்பின்மை என்று எவனிடம் ஏற்கெனவே கௌரவம் மறுக்கப்பட்டிருக்கிறதோ அவன் கன்னத்தில். எங்கள் கிளை மாடிப்படியின் சிரிப்பு அது. வடிவேலு இதில் ஒரு திருப்பம் செய்தார். ‘வின்ன’ரில் (2003) வரும் அவருடைய ரௌடி, இல்லாத ஒரு கௌரவத்தைத் தானே தைத்து மாட்டிக்கொண்டு வந்து, அது கிழியக் கிழிய அடி வாங்குகிறான். அடிபடுவது ஆள் அல்ல, அந்த வேஷம். சாப்ளினின் கணக்கு தமிழில் சரியாக வந்த அபூர்வ இடம்.

5

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். அக்காலத்துக் காமிராவைக் கையால் சுற்றினார்கள், விநாடிக்கு ஏறத்தாழ 16லிருந்து 20 சட்டம். அதைப் பேசும்படத்தின் 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் வெட்டி வெட்டி ஓடுவார்கள். ஹாஸ்யப்படக்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி வேகம் கூட்டியதும் உண்டு. அது கணக்கோடு செய்தது. ஊமைப்படம் என்றாலே துள்ளல் என்ற எண்ணம் மோசமான பிரதிகளிலிருந்து வந்தது. சரியான வேகமுள்ள, சீர்செய்த பிரதியைத் தேடுங்கள். இவற்றில் பல இன்று உரிமைக்காலம் கடந்தவை, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

சாப்ளினின் முழுநீளப் படங்களோடு நின்றவர்கள் பின்னோக்கிப் போக வேண்டும். 1917இன் ‘ஈஸி ஸ்ட்ரீட்’, ‘தி இமிக்ரண்ட்’ இரண்டும் தலா இரண்டு ரீல். இரண்டாவதில், சுதந்திர தேவி சிலை கண்ணுக்குத் தெரிந்த அடுத்த கணமே அகதிகளைக் கயிறு கட்டி மாடு மாதிரி ஒதுக்குகிறார்கள். சாப்ளின் அதிகாரியின் பின்புறத்தில் ஓர் உதை விடுகிறார். 1952இல் அதே நாடு அவருடைய திரும்பிவரும் அனுமதியை ரத்துசெய்தது.

பிறகு பஸ்டர் கீட்டன். ‘ஒன் வீக்’ (1920), ‘காப்ஸ்’ (1922), ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924), ‘தி ஜெனரல்’ (1926), ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) என்ற வரிசையில். கீட்டன் இரக்கம் கேட்பதில்லை. முகம் அசையாது, உலகம்தான் அசையும். வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து விழுகிறது. ஜன்னல் இடைவெளி அவர் மேல் இறங்க, அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அங்கே காமிரா தந்திரம் கிடையாது. நிற்கும் இடம் தவறினால் சாவு. ‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பில் கழுத்தெலும்பு விரிசல் கண்டது அவருக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கவிஞர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியவர் இவர்தான். ஒரு பொருளை அதன் பொருள்தன்மையோடு விட்டுவைப்பது எப்படி என்பதை இவரிடம் கற்கலாம்.

ஹெரால்ட் லாயிடின் ‘சேஃப்டி லாஸ்ட்’ (1923). கடை குமாஸ்தா ஒருவன் கட்டடத்தின் சுவரில் தொற்றி ஏறுகிறான், கடிகார முள்ளில் தொங்குகிறான். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் எவனுக்கும் இது ஹாஸ்யமாக மட்டும் இருக்காது. 1919இல் ஒரு விபத்தில் வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போன ஆள் அப்படி ஏறுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு இரண்டாம்முறை பாருங்கள். லாரல், ஹார்டியின் ‘பிக் பிசினஸ்’ (1929) பழிவாங்கலின் இலக்கணம். ஒருவன் இவர்கள் காரை உடைக்க, இவர்கள் அவன் வீட்டை உடைக்க, ஒருவர் உடைக்கையில் மற்றவர் மரியாதையாகக் காத்து நிற்கிறார். எல்லாவற்றுக்கும் மூலவரான பிரெஞ்சுக்காரர் மாக்ஸ் லிண்டரின் ‘செவன் இயர்ஸ் பேட் லக்’ (1921) கடைசியில்.

நம் நாட்டில் மிஞ்சியது கொஞ்சம். காளிபத தாஸின் ‘ஜமாய் பாபு’ (1931), கல்கத்தாவில் மாமனார் வீட்டுக்கு வந்து முழிக்கும் ஒரு கிராமத்து மருமகனின் கதை. நகரம் அவனை அடிக்கிறது, அவன் வழியாக நாம் நகரத்தைப் பார்க்கிறோம். அதிலிருந்து நேராக 1987க்கு வந்து, சிங்கீதம் சீனிவாச ராவின் ‘பேசும் பட’த்தைப் பார்த்தால், வசனமில்லாமல் வேலையில்லாதவனின் கதையைச் சொல்ல முடிந்தது தெரியும். முடிந்த பிறகும் அந்த வழியில் நாம் அதிகம் போகவில்லை.

ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். அடி எந்தப் பக்கம் போகிறது?

இதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், மதிய இடைவேளையில், டீ கொண்டுவந்த பையனுக்கு என் கைபேசியில் ‘ஈஸி ஸ்ட்ரீட்’ போட்டுக் காட்டினேன். பரிகாரம் என்று நினைத்துச் செய்ததல்ல. நினைத்துத்தான் செய்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன். முரடன் தெருவிளக்கை வளைக்க, சாப்ளின் அவன் தலையை விளக்குக்குள் மாட்டி கேஸைத் திறந்துவிடும் இடத்தில் அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னும் உண்டா சார்?”

உண்டு என்றேன்.

“நம்ம ஊர்க்காரங்க ஆரும் இப்பிடி சத்தமில்லாத படம் எடுக்கல்லியா?”

“எடுத்திருக்காரு. அகஸ்தீஸ்வரத்துக்காரரு.”

“போனில் இருக்கா? பாக்கட்டா?”

“இல்ல. எரிஞ்சு போச்சு.”

அவன் கொஞ்சநேரம் நின்றான். பிறகு காலிக் கிளாஸ்களை எண்ணித் தட்டில் அடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, படியிறங்கிப் போனான்.